நண்பர்களோடு வார இறுதி பைக் பயணம்: முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு

ஐந்து பைக், ஆறு பேர். சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு இரவு 10:40-க்குப் போய்ச் சேர்ந்தோம். சேர்ந்தது நான்கு பேர்தான். ஒருவனுடைய வண்டி எண்ணெய் ஒழுகிப் பாதியிலேயே லாரி ஏறிவிட்டது. இன்னொருவன் ஒரு பிரிவுச் சாலையில் தவறான பக்கம் திரும்பி, சிக்னல் இல்லாத பகுதியில் தனியாகச் சுற்றிவிட்டு நள்ளிரவு தாண்டி வந்தான். வந்தவன் யாரோடும் பேசவில்லை. ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு நிறைய முறை போய்விட்டோம், அதே ஆறு பேர்தான். முதல் முறை கெட்டுப்போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் எங்களில் நன்றாக ஓட்டுகிறவனை வைத்துத் திட்டமிட்டோம். போட வேண்டியது மிகப் புதிய ஓட்டுநர், மிகக் குறைந்த தூரம் தாங்கும் டேங்க், மிகப் பழைய டயர் ஆகியவற்றின் கணக்கு. கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் அந்தக் கணக்குதான் திரும்பத் திரும்ப வரும்.

1. யார் யார் வருகிறார்கள் (நான்கு வாரத்துக்கு முன்)

முதல் பயணத்துக்கு நான்கு பைக் போதும், ஆறுக்கு மேல் வேண்டாம். ஏழாவது வண்டி சேர்ந்தால் ஒவ்வொரு நிறுத்தமும் 10 நிமிடத்திலிருந்து 25 நிமிடமாகிவிடும். ஒருவன் கிளவுஸ் மாட்டும்போது இன்னொருவன் கழற்றிக்கொண்டிருப்பான்.

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரே நாளில் அதிகபட்சம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறாய்? பின்னால் ஆளை வைத்துக்கொண்டு வளைவுச் சாலையில் ஓட்டியிருக்கிறாயா? குழுவில் எல்லார் முன்னாலும் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். எங்களிலும் ஒருவன் ‘300 அசால்ட்டா போவேன்’ என்றான். பிறகு விசாரித்தால், அலுவலகம் போய்வருவதைத் தாண்டி அவன் வண்டியை எடுத்ததே இல்லை.

2. தூரமும் நேரமும் (மூன்று வாரத்துக்கு முன்)

எல்லாரும் விழும் குழி இதுதான். வரைபடச் செயலி எங்களுக்கு 420 கிலோமீட்டருக்கு 7 மணி 20 நிமிடம் என்று காட்டியது. அந்தச் செயலி பெட்ரோல் போடாது, இடுப்பு வலிக்கிறது என்று இறங்காது, படம் எடுக்க நிற்காது. சின்னச் சாலையில் முன்னே போகும் டிராக்டர் பின்னால் இரண்டு கிலோமீட்டர் ஊர்ந்து போகவும் போகாது.

கிராமத்துச் சாலைகளில் குழுவாகப் போகும்போது, நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 70-இல் ஓட்டினாலும் நாள் முடிவில் சராசரி அங்கேதான் வந்து நிற்கும். எனவே சனிக்கிழமைக்கு 250 கிலோமீட்டர் போதும். மலைச்சாலை என்றால் 180. ஞாயிற்றுக்கிழமைத் தூரம் இதைவிடக் குறைவாக இருக்கட்டும், ஏனென்றால் அன்று உடம்பு நேற்றைய உடம்பு அல்ல. பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். போகும்போது சுற்றிக்கொண்டு நிதானமாகப் போய்விட்டு, திரும்பும்போது ஒரே மூச்சில் வீடு சேரப் பார்க்கிறார்கள். களைப்பும் அவசரமும் மாலை வெளிச்சமும் ஒன்றாகச் சேரும் நேரம் அது.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்கும் இடத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்த சூரியன் கண்ணில் அடிக்கும், விலங்குகள் சாலையைக் கடப்பதும் அந்தி நேரத்தில்தான். அந்த நேரத்திலிருந்து ஓட்டும் மணிகளைக் கழித்து, மேலும் இரண்டு மணி நேரத்தை எதற்கென்றே தெரியாமல் ஒதுக்கி வையுங்கள். மிஞ்சுவதுதான் கிளம்பும் நேரம். காலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டுமானால் குழுவில் 5:30 என்று சொல்லுங்கள். இந்தப் பொய்யால் யாருக்கும் கேடில்லை.

வழியை இரண்டு பேர் தனித்தனியாகத் தங்கள் போனில் இணையம் இல்லாமலே வேலை செய்யும்படி இறக்கி வைக்க வேண்டும். அதோடு, ஒரு தாளில் பிரிவுச் சாலைகளின் பெயரையும் இடையிலுள்ள தூரத்தையும் எழுதி எல்லாருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பழைய முறைதான். ஆனால் நள்ளிரவில் வந்தவனிடம் அந்தத் தாள் இருந்திருந்தால் எங்களோடே வந்து சேர்ந்திருப்பான்.

3. பெட்ரோல்

பெரிய டேங்க் வைத்திருப்பவனைப் பார்க்காதீர்கள். 12 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 22 கிலோமீட்டர் என்றால் மொத்தம் 264. சுமை, ஏற்றம், அடிக்கடி கியர் மாற்றம் எல்லாம் சேர்ந்தால் அது 220-க்கு இறங்கிவிடும். எனவே அந்த வண்டிக்கு 150-இல் பெட்ரோல் போட வேண்டும். அவன் போடும்போது எல்லாரும் போட வேண்டும், பாதி டேங்க் இருந்தாலும் சரி. ‘எனக்கு அடுத்த பங்க்கில் போதும்’ என்பவன்தான் அடுத்து தனியாக ஒரு நிறுத்தம் கேட்பான். பெரிய என்ஜின் வண்டிதான் முதலில் ரிசர்வுக்கு வரும் என்பது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

4. ஆவணங்கள் (இரண்டு வாரத்துக்கு முன்)

முந்தின நாள் இரவு எடுத்துப் பார்த்தால் காலாவதியானதைப் புதுப்பிக்க நேரம் இருக்காது. அதனால்தான் இரண்டு வாரம். எல்லாரும் தங்கள் ஆவணங்களின் கடைசித் தேதிகளைக் குழுவில் எழுதட்டும். படம் வேண்டாம், தேதி மட்டும் போதும். அடையாள எண்கள் உள்ள படங்களைக் குழுவில் போடுவது நல்ல பழக்கம் இல்லை.

ஓட்டுநர் உரிமம்: தேதியோடு வகையையும் பாருங்கள். பல நாடுகளில் என்ஜின் அளவைப் பொறுத்தோ கியர் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தோ உரிமம் வேறுபடும். நண்பனுடைய பெரிய வண்டியைக் கடன் வாங்கி வருபவருக்கு அதை ஓட்டும் உரிமம் இல்லாமல் போகலாம். அப்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிட்டுவிடும்.

பதிவுச் சான்று: வண்டி அப்பாவின் பெயரிலோ நண்பரின் பெயரிலோ இருந்தால், உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு சின்னக் கடிதமும் அவருடைய போன் எண்ணும் கூடவே இருக்கட்டும்.

இன்சூரன்ஸ்: இதைப் படிக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பார்க்க வேண்டியவை நான்கு. அது மூன்றாம் தரப்புக்கு மட்டுமா, அல்லது உங்கள் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்தா? பின்னால் உட்காருபவருக்குப் பாதுகாப்பு உண்டா? வேறொருவர் ஓட்டினால் செல்லுமா? வழியில் நின்றால் வண்டியைத் தூக்கிச் செல்லும் உதவி உண்டா, உண்டென்றால் எத்தனை கிலோமீட்டர் வரை? எங்களுக்கு உதவி இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். போன் செய்த பிறகுதான் அதற்குத் தூர வரம்பு உண்டு என்பதும், நாங்கள் அதைத் தாண்டி நிற்கிறோம் என்பதும் தெரிந்தது. லாரிக் கூலி முழுவதும் சொந்தக் காசு.

புகைச் சான்று, தகுதிச் சான்று போன்றவை உங்கள் பகுதியில் கட்டாயமா என்று பாருங்கள். போனில் காட்டினால் ஏற்பார்களா, அசல்தான் வேண்டுமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ஏற்கும் இடமாகவே இருந்தாலும் தாளிலும் ஒரு பிரதி வையுங்கள், மழையில் நனைந்த போன் எதையும் காட்டாது.

தங்கும் இடத்துக்கு எல்லாருடைய அடையாள அட்டையும் கேட்கலாம், பின்னால் உட்கார்ந்து வருபவருடையதும்தான். வழி காட்டுக்குள் போனால் அனுமதிச் சீட்டு தேவையா, இரவில் அந்தச் சாலையை மூடுவார்களா என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

வாடகை வண்டி எடுப்பவர்கள்: முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பத் தருவார்கள், வண்டியை எந்த எல்லை வரை கொண்டு போகலாம் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். எடுக்கும்போதே ஏற்கனவே உள்ள கீறல்களை வீடியோ எடுங்கள். கடைக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே எடுங்கள்.

5. பணம்

பெட்ரோல் அவரவர் செலவு. அதைப் பொதுக் கணக்கில் சேர்த்தால் சின்ன வண்டிக்காரர் பெரிய வண்டிக்காரருக்குப் பெட்ரோல் போட்டுக் கொடுத்தது போலாகும். மொத்தத் தூரத்தை மைலேஜால் வகுத்து, வரும் லிட்டரோடு 15 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். 430 கிலோமீட்டர், மைலேஜ் 35 என்றால் 12.3 லிட்டர். 14 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குவது, சாப்பாடு, நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம் பொது. எல்லாரும் முன்கூட்டியே ஒரு தொகையை ஒருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. பிறகு தருகிறேன் என்பது பிறகுதான் வரும். கடைசி நேரத்தில் வரவில்லை என்பவர் அறை வாடகையில் தன் பங்கைக் கொடுத்தாக வேண்டும் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். பேசச் சங்கடமாகத்தான் இருக்கும்.

பஞ்சர், உடைந்த லீவர் எல்லாம் வண்டிக்காரர் செலவு. லாரி கூப்பிடும் நிலை வந்தால் என்ன செய்வது? மொத்த உத்தேசச் செலவில் கால் பங்கை அவசரத்துக்கென்று தனியாக வைக்கிறோம். தொடாவிட்டால் திரும்பப் பிரித்துக்கொள்கிறோம். அதில் பாதியாவது ரொக்கமாக இருக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் போனில் இருக்கும் பணம் வெறும் எண்தான்.

6. வண்டி (ஒரு வாரத்துக்கு முன், முந்தின நாள் அல்ல)

எண்ணெய் ஒழுகிய கதை இதுதான். அவன் வெள்ளிக்கிழமை மாலை சர்வீஸ் விட்டு, இரவு 8 மணிக்கு வண்டியை எடுத்தான். எண்ணெய் வடிக்கும் போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். 80 கிலோமீட்டர் போனதும் பின்னால் வந்த நான் அவனுடைய பூட்ஸ் பளபளப்பதைப் பார்த்தேன். மழையே இல்லையே என்று யோசித்தேன். அப்புறம்தான் கீழே பார்த்தால், என்ஜினின் அடிப்பாகம் முழுக்க எண்ணெய், பின் டயரின் ஓரத்திலும் ஒரு கோடு. இன்னும் இரண்டு வளைவு போயிருந்தால் வண்டி வழுக்கியிருக்கும்.

எனவே சர்வீஸை ஒரு வாரம் முன்பே முடித்துவிட்டு 100 கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். புது டயரும் புது பிரேக் பேடும் பழகவும் அந்த ஓட்டம் தேவை. புது டயரின் மேற்பரப்பு முதல் 100, 150 கிலோமீட்டருக்கு வழுக்கும்.

நீங்களே பார்க்க வேண்டியவை: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பள்ளங்களுக்குள் சின்ன மேடு தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். காற்றை டயர் சூடாகும் முன்பே பாருங்கள். ஆள் ஏற்றினால் பின் டயருக்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் செயின் கவரிலோ வண்டியின் கையேட்டிலோ தனியாகப் போட்டிருக்கும். செயினைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பல வண்டிகளுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர் ஆட்டம் சரி, ஆனால் கையேட்டில் உள்ளதே கடைசி வார்த்தை. ரொம்ப இறுக்கினால் ஆள் ஏறியதும் செயின் விறைத்து பேரிங்கைத் தின்னும். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய், மழையில் ஓட்டினால் அன்றைக்கே.

யாரும் சொல்லாத ஒன்று: பின்னால் சுமை ஏற்றினால் வண்டியின் மூக்கு தூக்கி, ஹெட்லைட் மரத்தின் உச்சியைக் காட்டும். எதிரே வருபவர் கண்ணிலும் அடிக்கும். பின் ஷாக் அப்சார்பரை ஒன்றிரண்டு படி இறுக்கி, சுவரில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

7. மூட்டை

நீங்கள் நினைத்ததில் பாதி போதும். கனமானவை கீழே, நடுவே. மேலே உயரமாகக் கட்டினால் வளைவில் வண்டி தள்ளாடும். கொக்கி வைத்த ரப்பர் கயிற்றை மட்டும் நம்பாதீர்கள், அது கழன்றால் சக்கரத்தில்தான் போய்ச் சுற்றும். பட்டையான, கொக்கி இல்லாத கட்டுவார் நல்லது. 20 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை நிறுத்தி இறுக்குங்கள், முதல் 20-இல்தான் எல்லாம் தளரும்.

கருவிகள் குழுவுக்கு ஒரு செட் போதும்: பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்ப், வண்டியோடு வந்த ஸ்பேனர்கள், ஃபியூஸ், மின்கம்பியில் சுற்றும் டேப், கட்டு வயர், டார்ச், முதலுதவிப் பெட்டி. ட்யூப் உள்ள டயருக்கும் ட்யூப் இல்லாத டயருக்கும் கிட் வேறு. எங்களிடம் தவறானது இருந்தது. மழைச் சட்டையை அடியில் வைக்காதீர்கள். ஹெல்மெட், கிளவுஸ், ஜாக்கெட், கணுக்காலை மூடும் பூட்ஸ் பின்னால் உட்காருபவருக்கும் வேண்டும்.

போனை ஹேண்டில்பாரில் மாட்டுபவர்கள் கவனிக்க: பெரிய என்ஜின்களின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. அதிர்வைத் தணிக்கும் தாங்கியை வாங்குங்கள், இல்லாவிட்டால் போனைச் சட்டைப் பையில் வைத்து, வழியைக் காதில் கேளுங்கள்.

8. கிளம்பும் முன் பத்து நிமிடம்

எல்லாரும் ஹெல்மெட் மாட்டும் முன் பேசுங்கள், மாட்டியபின் யாருக்கும் கேட்காது. இரண்டு பேரை முடிவு செய்யுங்கள்: முன்னே போகிறவர், கடைசியில் வருகிறவர். இந்த இருவரும் வழி தெரிந்தவர்களாக, அவசரப்படாதவர்களாக இருக்க வேண்டும். கடைசி ஆள் பளிச்சென்ற நிறத்தில் ஏதாவது போட்டிருக்கட்டும். கருவிப் பை அவரிடம். முன் ஆளுக்கு அடுத்த இடம் புதியவருக்கு. அவரைப் பின்னால் விட்டால் குழுவைப் பிடிக்கத் தன் திறமைக்கு மீறி ஓட்டுவார்.

அடுத்து, யாரும் தொலையாமல் இருக்க நாங்கள் பின்பற்றும் முறை. பிரிவுச் சாலை வந்ததும், முன்னே போகிறவருக்கு அடுத்ததாக வருபவர் பாதுகாப்பாக ஓரத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி நிறுத்தி, போக வேண்டிய பக்கத்தைக் கையால் காட்டிக்கொண்டே நிற்கிறார். மற்றவர்கள் அவரைக் கடந்து போகிறார்கள். கடைசி ஆள் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்கிறார். அடுத்த பிரிவில் இரண்டாவதாக இருப்பவர் வேறொருவர், அவர் நிற்பார். யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை, கண்ணாடியில் எண்ணிக்கொண்டே ஓட்ட வேண்டியதும் இல்லை. விதி ஒன்றுதான்: கடைசி ஆள் வரும்வரை நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது, அரை மணி நேரம் ஆனாலும் சரி. புதியவர் இரண்டாவதாக இருப்பதால் முதல் பிரிவில் நிற்பவர் அவராகவே இருக்கக்கூடும். அதற்குப் பிறகு அவரைத் திரும்ப முன்னே கொண்டுவர அடுத்த நிறுத்தத்தில் வரிசையை மாற்றுங்கள்.

கை சைகைகள் நான்கு போதும். டேங்கைத் தட்டினால் பெட்ரோல். ஹெல்மெட்டின் உச்சியைத் தட்டினால் முன்னே போலீஸ் அல்லது ஆபத்து. காலை நீட்டினால் அந்தப் பக்கம் பள்ளம். கையைக் கீழ்நோக்கி அசைத்தால் வேகத்தைக் குறை.

9. சாலையில்

நேரான சாலையில் ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போகலாம். நேர் முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் இரண்டு விநாடி இடைவெளி. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 33 மீட்டர். வளைவுகளில் இந்த அமைப்பை விட்டுவிட்டு ஒற்றை வரிசையாகுங்கள். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், உள்ளே போய்க் குறைக்காதீர்கள். பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்கே போகும், இது அப்படியே உண்மை. கிராமச் சாலை வளைவுகளில் சரளைக்கல், டிராக்டர் கொட்டிய மண், நிழலில் ஈரம் எது வேண்டுமானாலும் இருக்கும். தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

முன் ஆள் ஒரு வண்டியை முந்தினால் நீங்களும் உடனே முந்த வேண்டியதில்லை. அவருக்குக் கிடைத்த இடைவெளி உங்களுக்குக் கிடைக்காது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர்.

10. ஏதாவது ஆகிவிட்டால்

முதல் வேலை, வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி வளைவுக்கு முன்பே ஒருவரை நிறுத்துவது. எல்லாரும் கூடி நின்று பார்க்கக் கூடாது. அடிபட்டவர் மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டை இழுக்காதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள். பல நாடுகளில் 112 வேலை செய்யும். உங்கள் வழியில் எந்த எண் என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு எண் எழுதிய சின்ன அட்டை எல்லாருடைய சட்டைப் பையிலும் ஒரே இடத்தில் இருக்கட்டும், நாங்கள் இடது மார்புப் பையில் வைக்கிறோம். பூட்டிய போனைத் திறக்க அவரால் முடியாமல் போகலாம். வண்டிகளை நகர்த்தும் முன் நான்கு படம் எடுங்கள், இன்சூரன்ஸுக்குத் தேவைப்படும்.

11. திரும்பி வந்த பிறகு

கடைசி ஆள் வீடு சேர்ந்து செய்தி போடும்வரை ஒருவர் விழித்திருப்பார், முன்னே போனவருடைய பொறுப்பு அது. பொதுக் கணக்கைத் திங்கட்கிழமைக்குள் முடியுங்கள். செயினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள், டயரில் கல்லோ ஆணியோ மாட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். எனக்குப் போன முறை அப்படித்தான் ஒரு ஆணி அகப்பட்டது. காற்று இறங்கவே இல்லை. பிடுங்கியதும்தான் உஸ்ஸென்றது.